பழைய கான்டெஸா விலைக்கு வந்தால்

ஹௌராவிலிருந்து பர்த்தமான் செல்லும் ரயில் பாதையில், மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், ஹிந்த் மோட்டார் என்றொரு நிலையம் உண்டு. அருகிலுள்ள உத்தர்பாராவில் இயங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. அம்பாசிடர் கார் பிறந்த இடம் அதுவே. 2014 மே மாதத்தில் அங்கு உற்பத்தி நின்றுபோனது. ஆயினும் அவ்வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது அத்தொழிற்சாலையின் கதையைச் சொல்லக்கூடியவராக இருப்பார்.

அப்பகுதிக் கிளை ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், ஒரு வாடிக்கையாளர் தம் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தர வேண்டும் என்று கேட்டு வந்தார். மகளின் கல்லூரிச் செலவுக்கென்று ஏழு லட்சம் ரூபாயை அவர் போட்டு வைத்திருந்தார். காரணம் கேட்டோம். சற்றே கூச்சத்துடன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்பு வண்ணத்தில், மூக்கு முதல் வால் வரை இரு சிவப்புக் கோடுகள் தீட்டி, அகன்ற சக்கரங்கள் பூட்டி, தரையோடு தாழ்ந்து நின்றது ஒரு கான்டெஸா. விலை ஆறரை லட்சம்.

அவருடைய தந்தை உத்தர்பாரா ஆலையில் கூடு கட்டும் பிரிவில் பற்றவைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் கையால் எத்தனையோ கான்டெஸாக்களைக் கட்டியவர், ஒன்றையேனும் தமக்கென வைத்துக்கொண்டதில்லை. அவரது எழுபதாவது பிறந்த நாளுக்குள் அந்தக் காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்பது மகனின் விருப்பம். மறுக்க மனம் வராத காரணம்தான். எனினும், "வைப்பை முடிக்குமுன் வண்டியின் பதிவுச் சான்றிதழ் நகலைக் கொண்டு வாருங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அந்த ஒரு தாள் எத்தனை செய்திகளைச் சொல்லிற்று என்பதையும், இத்தகைய வண்டியை எவ்வாறு மதிப்பிடுவது என்பதையும் வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டு மசில் கார்

மசில் கார் என்ற சொல் அமெரிக்காவில் பிறந்தது. நடுத்தர அளவுள்ள காரில் பெரிய வி-8 இன்ஜினைப் பொருத்தி, நடுத்தர வருவாயினரும் வாங்கும் விலையில் தருவதே அதன் அடிப்படை. 1964ஆம் ஆண்டு மாடலாக வந்த போண்டியாக் ஜி.டி.ஓ.வை இவ்வகையின் தொடக்கமாகப் பலர் கொள்கின்றனர். அங்கும் சாதாரண மாடலை வாங்கி, ஜி.டி.ஓ. சின்னங்களை ஒட்டி, உயர்ந்த விலைக்கு விற்கும் வழக்கம் உண்டு. எனவே அங்குள்ளோர் காரின் பளபளப்பைப் பார்க்குமுன் அதன் எண்களைப் பார்க்கின்றனர். இன்ஜினும் சேசிஸும் ஒன்றாகவே ஆலையை விட்டு வந்தவை என்று எண்கள் காட்டினால் அந்தக் காருக்குத் தனி விலை.

1984இல் சந்தைக்கு வந்த கான்டெஸா அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அதன் உடல் பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் காரிலிருந்து பெறப்பட்டது. தொடக்கத்தில் அதனுள் இருந்தது அம்பாசிடருக்கு உரிய 1489 சி.சி. இன்ஜின், அதன் திறன் ஏறத்தாழ 50 குதிரைத்திறனே. பெரிய உடலை அந்தச் சிறிய இன்ஜின் இழுக்கத் திணறியது. பின்னர் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர்களும் வந்தபோதுதான் வண்டி தன் தோற்றத்துக்கேற்ற ஓட்டத்தைப் பெற்றது. அதன்பின் டீசல் வகைகளும் வந்தன. 2002இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. நீண்ட முகப்பு, அகன்ற தோள், பின்சக்கர இயக்கம் ஆகியவற்றால் இந்தியாவின் மசில் கார் என்ற செல்லப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தோற்றம் ஒன்று, ஆற்றல் வேறொன்று என்ற இக்குறையே கான்டெஸாவை மாற்றியமைப்போரின் தொட்டிலாக்கியது. இன்ஜினை மாற்றாத கான்டெஸாவைக் காண்பது அரிது என்று பழைய மெக்கானிக்குகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெட்ரோல் செலவுக்கு அஞ்சி டீசல் இன்ஜின் பூட்டியவர்களும் உண்டு; வேகத்துக்காக வெளிநாட்டு இன்ஜின் பூட்டியவர்களும் உண்டு.

முதலில் தாள், பிறகு தகடு

நம் வாடிக்கையாளர் கொண்டு வந்த சான்றிதழில் எரிபொருள் 'பெட்ரோல்' என்றும், கொள்ளளவு 1817 சி.சி. என்றும் இருந்தது. விற்பவரோ அது பெரிய ஜப்பானிய டீசல் இன்ஜின் என்று பெருமையோடு சொல்லியிருந்தார். முதல் முரண்பாடு அங்கேயே தெரிந்தது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிவாயு போன்ற மாற்று எரிபொருளுக்கான அங்கீகரிக்கப்பட்ட கருவிகளைப் பொருத்துவதற்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. இன்ஜினை மாற்றப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவைக் கண்டிப்புடன் பொருள்கொண்டது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. இங்கு உரிமையாளர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முன்னவர் செய்த மாற்றத்துக்குப் பின்னவர் பதில் சொல்ல நேரும்.

இரண்டாவது முரண்பாடு தேதியில் இருந்தது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25 அளித்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டியின் பதிவு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது. பதிவில்லாத வண்டி சாலையில் ஓடுவதே குற்றம். அத்தகைய வண்டி சேதமுற்றபோது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்ததை 2014இல் உச்ச நீதிமன்றம் சரியென ஏற்றுள்ளது. புதுப்பிக்கும் கட்டணமும் முன்போல இல்லை. 2022 ஏப்ரலில் கார்களுக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 10,000 ரூபாயாகியது. இன்று ஓடும் எந்தக் கான்டெஸாவும் 20 ஆண்டுகளைக் கடந்ததே.

மூன்றாவது, வங்கியில் இருப்போர் கண்ணில் உடனே படும் வரி. முதல் உரிமையாளர் கடனில் வாங்கியபோது ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் எழுதப்பட்ட எச்.பி. குறிப்பு இன்னும் நீக்கப்படாமல் இருந்தது. கடன் என்றோ தீர்ந்திருக்கலாம். ஆனால் நிதி நிறுவனத்தின் கையொப்பம் உள்ள படிவம் 35-ஐப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்து அக்குறிப்பை நீக்கும் வரை, தாளைப் பொறுத்தமட்டில் வண்டி கடனில்தான் இருக்கிறது. பழைய வண்டிகளில் இது மிகவும் பொதுவான சிக்கல். கடன் கொடுத்த நிறுவனம் வேறொன்றில் இணைந்திருக்கும், அல்லது மூடப்பட்டிருக்கும். அதன் இன்றைய வாரிசைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை விற்பவரே முடித்துத் தர வேண்டும். வாங்கிய பின் அதை நாம் சுமப்பது முறையன்று.

நம் வாடிக்கையாளர்களுக்கு இதையொட்டி ஒரு வேண்டுகோள். கார்க் கடனோ, இருசக்கர வாகனக் கடனோ தீர்ந்ததும், தடையின்மைக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல், உடனே சான்றிதழிலும் குறிப்பை நீக்கிக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து வண்டி விலைபோகும் நாளில் அதன் அருமை புரியும்.

கூட்டைப் பார்த்தல்

இவ்வளவு தெரிந்த பின்னும் வண்டியைப் பார்க்காமல் விடுவது நியாயமன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையும் மகனும் கிளம்ப, அவர்கள் அழைப்பின் பேரில் நாமும் உடன் சென்றோம்.

விற்பவர் முதலில் இன்ஜினை முடுக்கிக் காட்ட வந்தார். பெரியவர் கையமர்த்திவிட்டு, நேரே பின்புறம் சென்று டிக்கியைத் திறந்தார். உதிரிச் சக்கரத்தை எடுத்து வைத்தார், அதன் கீழிருந்த விரிப்பை நீக்கினார், தகட்டின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு மகனை அழைத்து, "ஆலையில் நாங்கள் வைத்த புள்ளிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். இங்கே புள்ளியே இல்லை, கோடாகப் பற்றவைத்திருக்கிறார்கள். இந்தத் தரை பிறகு போட்டது" என்றார். கான்டெஸாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடற்கூடே சட்டமாகவும் நின்று சுமையைத் தாங்குகிறது. ஆகவே தரைத்தகடு துருப்பிடித்து மாற்றப்பட்டிருந்தால், அது அழகைப் பற்றிய செய்தியாக மட்டும் இராது; வண்டியின் உறுதியைப் பற்றிய செய்தியும் ஆகும்.

துரு தேட வேண்டிய இடங்கள் பெரும்பாலும் கண்ணுக்கு மறைந்தவை. கதவின் அடிவிளிம்பு, கதவுக்குக் கீழுள்ள படி, சக்கர வளைவுகளின் உட்புறம், முன்கண்ணாடியின் அடிச்சட்டம், மிதியடிக்குக் கீழுள்ள தரை, சஸ்பென்ஷன் உடலோடு இணையும் இடங்கள் ஆகியவை முதன்மையானவை. புதிய வண்ணப்பூச்சின் மேல் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகட்டுக்கு மேல் தடித்த பட்டி இருக்கிறது என்று பொருள். கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவில் இல்லையெனில், பழைய மோதலோ, கூடு தளர்ந்ததோ காரணமாக இருக்கலாம்.

மாற்றங்கள் மூவகை

மாற்றியமைத்த வண்டி என்றதும் விலகி ஓட வேண்டியதில்லை. மாற்றங்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும்.

முதல் வகை, திருப்பக்கூடியவை. இருக்கை உறை, ஒலிபெருக்கி, ஸ்டீயரிங் வளையம், சக்கரம் முதலியன. பழைய பாகங்களை விற்பவர் பத்திரமாக வைத்திருந்தால் இவற்றால் மதிப்புக் குறையாது. வைத்திருக்கிறாரா என்று கேட்பது முக்கியம்.

இரண்டாம் வகை, பாதுகாப்பைக் கூட்டுபவை. தேய்ந்த பிரேக்கைப் புதுப்பித்தல், பழைய வயரிங்கை உருகிகளுடன் முறையாக மாற்றுதல், குளிர்விக்கும் ரேடியேட்டரைச் சீர்செய்தல் போன்றவை. இவற்றுக்குச் சற்றுக் கூடுதல் விலை தருவது தகும். நாடாவால் சுற்றிய ஒட்டு வயர்கள் முகப்புப் பலகைக்குக் கீழே தொங்கினால் அது இவ்வகையில் சேராது. தீ விபத்துக்கு அதுவே வித்தாகலாம்.

மூன்றாம் வகை, திருப்ப இயலாதவை. பெரிய இன்ஜினுக்கு இடம் செய்யத் தடுப்புத் தகட்டை வெட்டுதல், கூரையை அறுத்துக் கண்ணாடி பதித்தல், அகன்ற டயருக்காகச் சக்கர வளைவை நறுக்குதல், தாழ்த்துவதற்காகச் சுருள்வில்லை அறுத்தல். நாம் கண்ட வண்டியில் இவற்றுள் மூன்று இருந்தன.

இன்ஜினை மட்டும் பெரிதாக்கி மற்றவற்றை அப்படியே விடுவதே இவற்றுள் கொடிது. வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்தத் தேவைப்படும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இயக்கத்தை ஏற்கும் கியர் பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் அச்சு ஆகியவையும் பழைய இன்ஜினின் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. எனவே "எவ்வளவு வேகம் போகும்?" என்பதற்கு முன் "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேளுங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு வரும் நேரத்தைச் சொல்லும்போதே, வண்டியை முன்கூட்டி முடுக்கி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜின் உண்மை பேசும். முடுக்கிய பின் தொடர்ந்து நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெண்புகை விடாது வந்து தண்ணீரும் குறைந்தால், அல்லது ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற படிவு இருந்தால், ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் ஏறத்தாழச் சமமாக இருப்பதே நல்ல அறிகுறி. இவற்றை நன்கறிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்வது, இந்த வணிகத்தில் கிடைக்கும் மிக மலிவான காப்பீடாகும்.

செலவு வேறு, மதிப்பு வேறு

விற்பவர் ஒரு கோப்பை எடுத்து வைத்தார். ஒன்பது லட்சம் ரூபாய்க்கு ரசீதுகள். "ஒன்பது போட்டேன், ஆறரைக்குத் தருகிறேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வணிகவியலில் முதலாண்டிலேயே படிக்கும் பாடம் ஒன்றுண்டு. செய்த செலவெல்லாம் சொத்தாகிவிடாது. ஒருவர் தம் ரசனைக்காகச் செலவிட்ட தொகை, அதே ரசனையுள்ள வேறொருவர் கிடைத்தால் மட்டுமே விலையாகத் திரும்பும்.

வாங்குபவர் போட வேண்டிய கணக்கு வேறு. அதே ஆண்டின், மாற்றப்படாத, தாள்கள் சரியாக உள்ள ஒரு வண்டி என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதில் தொடங்குங்கள். அதிலிருந்து கூட்டையும் பிரேக்கையும் சீராக்கும் செலவைக் கழியுங்கள். பதிவைப் புதுப்பித்தல், எச்.பி. நீக்கம், வேறு மாநிலமெனில் தடையின்மைச் சான்றும் சாலை வரியும் ஆகியவற்றைக் கழியுங்கள். சட்டப்படி ஏற்கப்படாத இன்ஜினுக்கு மதிப்புப் போடாதீர்கள். அதை இறக்கி உரிய இன்ஜினை ஏற்றும் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதே தரத்தக்க விலை.

உதிரிப் பாகங்களையும் நினைவில் கொள்ள வேண்டும். சென்னையின் புதுப்பேட்டை, கொல்கத்தாவின் மல்லிக் பஜார், தில்லியின் மாயாபுரி போன்ற சந்தைகளில் இயந்திரப் பாகங்கள் தேடினால் அகப்படலாம். ஆனால் முன்கண்ணாடி, பின்விளக்கு, ரப்பர் பீடிங், குரோம் பட்டை ஆகியன உற்பத்தி நின்ற வண்டிக்கு எளிதில் கிடைப்பதில்லை. இவை முழுமையாக இருப்பதற்கே தனி மதிப்புண்டு.

வருங்காலத்தையும் ஒரு கணம் எண்ணலாம். 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு நிறைந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகத் தனி வரிசை எண்ணில் 20,000 ரூபாய் கட்டணத்தில் பதிவுசெய்யலாம். முதல் கான்டெஸாக்கள் 2034இல் அந்த வயதை எட்டும். கூட்டையோ இன்ஜினையோ மாற்றியவற்றுக்கு அந்தக் கதவு திறக்காது.

பணம் கைமாறும்போது

விலை முடிவானால் முழுத்தொகையையும் வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே பரிமாற்றத்தில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடைசெய்துள்ளது. பெறுபவருக்கு அதே அளவு தொகை அபராதமாகலாம். சிறு முன்பணம் கொடுத்து, மீதியைப் பெயர் மாற்றத்தோடு இணைத்து எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்வது இருவருக்கும் நல்லது.

படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பமிட்டுப் பெயர் மாற்றத்தைத் தாமதமின்றி முடிக்க வேண்டும். விற்பவருக்கும் இது பொருந்தும். வண்டி பலர் கைமாறியிருந்தாலும், விபத்து நேரும்போது பதிவில் பெயருள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்து, மாற்றங்களை மறைக்காமல் தெரிவித்து, ஏற்கப்பட்ட மதிப்பை எழுத்தில் பெறுங்கள்.

வைப்பை முடிப்பதற்கும் மாற்று உண்டு. குறுகிய காலத் தேவையெனில் வைப்பின் பேரில் கடன் பெறலாம். வைப்புக்கு வட்டி தொடரும். கடனுக்குச் சற்றுக் கூடுதல் வட்டி மட்டும் ஆகும். எது நன்மை என்பதைக் கிளையில் ஐந்து நிமிடத்தில் கணக்கிட்டுச் சொல்வார்கள். ஆனால் எதற்காக எடுத்துவைத்த பணம் என்பதை வாடிக்கையாளர்தாம் நினைவில் கொள்ள வேண்டும்.

பெரியவரின் தீர்ப்பு

அன்று திரும்பும் வழியில் மகன் பேசவில்லை. தாள்களைச் சீராக்கித் தந்தால் மூன்று லட்சத்துக்கு வாங்குகிறோம் என்று அவர் சொன்னதை விற்பவர் ஏற்கவில்லை. தேநீர்க் கடை வாசலில் பெரியவரே பேச்சைத் தொடங்கினார். "நல்ல கைவேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் கட்டிய வண்டியில் அங்கே ஒன்றுமே மிச்சமில்லை. பேத்தியின் பணத்தைப் போட்டு அதை எனக்கு வாங்கித் தராதே" என்றார்.

வைப்பு முறியவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, வண்ணம் மங்கிய, மாற்றப்படாத ஒரு கான்டெஸாவை ஒன்றே முக்கால் லட்சத்துக்கு அவர்கள் வாங்கினர். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் சான்றிதழோடு பொருந்தின. எச்.பி. குறிப்பு என்றோ நீக்கப்பட்டிருந்தது. பிறந்த நாள் கடந்துவிட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் வருந்தவில்லை. சிறு துளைகள் விழுந்த தரைத்தகட்டைப் பெரியவர் பட்டறையில் அருகிலிருந்து சரிசெய்வித்தார். புள்ளிகளின் இடைவெளி மட்டும் தாம் சொன்ன அளவில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாராம். மகள் கல்லூரியில் சேரும் நாளில் வைப்பும் முதிர்ந்தது. முதற்பருவக் கட்டணத்துக்கான வரைவோலையை வாங்க மூவரும் அதே வண்டியில்தான் கிளைக்கு வந்தனர்.